ரஸ் கூப்பிடுவார் என்று காத்திருந்தவர்

எங்கள் கல்லூரி இணையதளத்தில் பயிற்சியாளர்களுக்கு என்று ஒரு பக்கம் உண்டு. தொப்பி போட்ட படம், கீழே இரண்டு மூன்று பத்தி. எங்கே படித்தார், எங்கே ஆடினார், எந்தெந்தக் கல்லூரியில் யாருக்குக் கீழே வேலை பார்த்தார், கடைசி வரியில் பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர். எழுதுவது நான்தான். நோரீன் ஸ்டக்கி. கால்டர் கல்லூரியின் விளையாட்டுச் செய்திப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பேஸ்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுவது, ஒலிபெருக்கியில் பேர் வாசிப்பது, மழை வந்தால் தார்ப்பாய் இழுக்க ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில். கான்சாஸில் சின்னக் கல்லூரி என்றால் அப்படித்தான்.

அந்தப் பத்திகளில் நான் பொய் எழுதியதில்லை. ஆனால் ஒரு மனுஷனுக்கு நடந்ததில் முக்கால்வாசி அதில் ஏறாது. 'தலைமைப் பயிற்சியாளர் ரஸ் டாலிவருடன் கால்டருக்கு வந்த வெண்டல் கிராஃப், பந்தெறியும் வீரர்களுக்குப் பொறுப்பு வகிக்கிறார்' என்று எழுதினேன். இப்போது படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த 'உடன் வந்த' என்ற சொல்லால்தான் அந்த ஆள் கெட்டார்.

வெண்டல் விவசாயி வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் நன்றாகப் பந்து எறிந்தவர். தொழில்முறை ஆட்டத்தின் அடிமட்டத்தில் இரண்டு கோடை எறிந்தார், தோள்பட்டை போயிற்று, அத்தோடு சரி. அப்புறம் துணைப் பயிற்சியாளர். முதல் வேலையில் சம்பளமே கிடையாது. பகலில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ராத்திரி பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தாராம், உடை மாற்றும் அறையிலேயே படுத்துக்கொண்டாராம். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வெண்டல் சொல்லமாட்டார். மார்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்லா அவர் மனைவி. நர்ஸ். அயோவாவில் இருந்தார்கள், மிசௌரியில் இருந்தார்கள், ஆர்கன்சாவில் ஒரு ஊரில் வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டுவதற்குள் கிளம்பினார்கள். ஒவ்வொரு தடவையும் கதை ஒன்றுதான். அணி தோற்கும், தலைமைப் பயிற்சியாளரைக் கழற்றிவிடுவார்கள், அவர் கூட்டிவந்தவர்கள் மூட்டை கட்டுவார்கள். அது எங்கும் எழுதியிராத சட்டம். கூட்டிவந்தவர் எவரோ, அவர் போகிற அன்றைக்கு நீயும் போகவேண்டும். அவர் எழுந்துபோன நாற்காலியில் அவர் ஆளே உட்கார்ந்தால் அவனை முதுகில் குத்தினவன் என்பார்கள். அந்தப் பேர் ஊர் ஊராகக் கூடவே வரும்.

கால்டருக்கு வருவதற்கு முன்னால் வெண்டல் வேலையில்லாமல் டயர் கடையில் நின்றுகொண்டிருந்தார். ரஸ் அங்கே டயர் மாற்றப் போனவர், மாற்றி முடிப்பதற்குள் வேலை கொடுத்துவிட்டார். ரஸ் பெரிய உடம்பு, பெரிய குரல், சூரியகாந்தி விதையை வாயில் போட்டு மென்று துப்பிக்கொண்டே பேசுவார். வெண்டலுக்கு நேர் எதிர்.

"இவன் பேசறத விட எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஜாஸ்தி பேசும்" என்பார் ரஸ்.

"உங்க ஃபிரிட்ஜுக்கு வாய மூடத் தெரியாது. உங்ககூட இருந்து கெட்டுப்போச்சு" என்பார் வெண்டல். அவர் அவ்வளவு பேசினாலே அன்றைக்கு அணி ஜெயித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. மார்லாவுக்கு ஊர்த் தொடக்கப் பள்ளியில் நர்ஸ் வேலை கிடைத்தது, மகள் கெல்சி ஒரே பள்ளியில் வரிசையாக வகுப்பு ஏறினாள். "நோரீன், இந்த ஊர்ல எனக்குப் பல் டாக்டர் இருக்காரு. ஒரே டாக்டர். என் பல்லப் பாத்ததும் அவருக்கு ஞாபகம் வருது. உனக்கு இது புரியாது" என்றாள் ஒருநாள். எனக்குப் புரிந்தது.

வெண்டலுக்கு ஓர் ஆசை இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது தலைமைப் பயிற்சியாளராக ஓர் அணியை நடத்தவேண்டும். யாரிடமும் சொல்லமாட்டார். ஆனால் பேருந்தில் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவர் என்ன செய்வார் என்று நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் யார் முதலில் அடிக்கவேண்டும், யார் கடைசியில் என்று விரலால் தொடைமேல் எழுதிக்கொண்டே வருவார். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். பந்தெறிகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அது வேலையே இல்லை.

அதில் கடைசி மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றோம். ஒரு மே மாதம், கடைசி ஆட்டம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, விளையாட்டுத் துறைத் தலைவர் கோர்டன் வாஸ் ரஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போன மனுஷர் உடனே வெளியே வந்தார். ஒன்பது வருஷத்தைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

ரஸ் அட்டைப்பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் வெண்டல். பையன்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கும்பலாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ரஸ் கண்ணாடியை இறக்கி, "பிட்சர் மேட்டுக்குத் தண்ணி ஊத்த மறந்துடாத. காத்துக்கு மண்ணு பொளந்துக்கும்" என்றார். பந்தெறிகிறவன் நின்று எறிகிற மண்மேட்டைத்தான் சொன்னார். வெண்டல் தலையாட்டினார். வண்டி போய்விட்டது.

அன்று மத்தியானமே வாஸ் வெண்டலைக் கூப்பிட்டார். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர். ஒட்டுக்கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

"பசங்க எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க, வெண்டல். நீங்களே எடுத்து நடத்துங்க. தற்காலிகம் எல்லாம் இல்ல, முழுப் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

வெண்டல் "யோசிச்சு சொல்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் அறை வாசலில் நின்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிற முகம்.

"கேட்டுட்டுத்தான இருந்த?" என்றார்.

"சுவர் மேல பழி போடு. எடுத்துக்கறியா இல்லையா?"

"ரஸ் சொல்லணும்."

இதுதான் விஷயம். அந்த எழுதாத சட்டத்தில் ஒரே ஒரு வாசல் உண்டு. போனவர் தன் வாயால் 'நீ எடுத்துக்கோ' என்றால் எடுத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? வெண்டல் கற்றுக்கொண்டு வந்த முறைப்படி போனவர்தான் தானாகச் சொல்லவேண்டும். வேலை போன அன்றைக்கே ஒரு மனுஷனுக்குப் போன் போட்டு 'உங்கள் நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்பது, பாடை கிளம்புவதற்குள் பங்கு கேட்கிற மாதிரி. கேட்டால் தப்பு. அவர் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டும்.

அன்று இரவு மார்லா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சில்லி என்கிற பீன்ஸ், இறைச்சிக் குழம்பும், தோய்த்துச் சாப்பிட சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும். கெல்சி தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். வெண்டல் ரோலைச் சில்லியில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார், வாயில் மட்டும் வைக்கவில்லை. போன் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீ கூப்பிடேன்" என்றாள் மார்லா.

"அவர் கூப்பிடுவாரு."

"எப்ப?"

"கூப்பிடுவாரு மார்லா. இன்னிக்குத்தான அடி பட்டிருக்கு."

"சரி, நான் கூப்பிடறேன். அவர் பொண்டாட்டி எனக்கு ஃபிரெண்டுதான். சும்மா விசாரிக்கிற மாதிரி—"

"பொண்டாட்டிய விட்டுக் கேக்க வெச்சான்னு சொல்லவா? வேண்டாம். சத்தியமா சொல்றேன், நீ பண்ணினா நான் நாளைக்கே வாஸ்கிட்ட போய் மாட்டேன்னுடுவேன்."

மார்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "வெண்டல், நான் ஊசி போட்டத விட அட்டைப்பெட்டி கட்டினதுதான் ஜாஸ்தி. ஒரு தடவையாவது முணுமுணுத்திருக்கேனா? இந்த ஒரு தடவ கேக்கறேன். கெல்சிக்கு ஸ்கூல் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. உனக்கும் அந்த வேலை வேணும். வேணாம்னு என் மூஞ்சியப் பாத்து சொல்லு பாக்கலாம்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். எனக்கு அதை எடுத்துச் சில்லிப் பாத்திரத்தில் போடவேண்டும் போல இருந்தது.

அந்த வாரம் பூரா வெண்டல் மைதானத்திலேயே இருந்தார். ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது, செய்ய ஒன்றுமில்லை. இருந்தாலும் புல் வெட்டினார், மண் தரையை வலை போட்டு இழுத்துச் சமன் செய்தார், மேட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார். சட்டைப் பையில் போன். புல்வெட்டும் வண்டிச் சத்தத்தில் மணி கேட்காதோ என்று நடுநடுவே வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பந்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து போனைத் துடைப்பார். அதில் அப்படி என்ன அழுக்கு இருந்ததோ.

வியாழக்கிழமை காபி எடுத்துக்கொண்டு போனேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சு போயிடுவ?" என்றேன்.

"நான் டயர் கடைல நின்னப்ப என்ன ஏதுன்னு கேக்காம வேலை குடுத்தவரு நோரீன். அவர் விழுந்து கெடக்கறப்ப நான் போய்க் கை நீட்டினா நல்லாவா இருக்கும்?"

"அவர் கூப்பிடலன்னா?"

"கூப்பிடலன்னா, நான் எடுத்துக்கறதுல அவருக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம்." காபியை ஒரு மிடறு குடித்தார். "அவர் இஷ்டமில்லாம எனக்கு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை வந்தது, ரஸ் கூப்பிடவில்லை. வெண்டல் சவரம் செய்துகொண்டு, கால்டர் கல்லூரிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாஸ் அறைக்குப் போனார். பலகைச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"நான் ரஸ்ஸோட வந்தவங்க. அவரோட போறதுதான் முறை. மன்னிச்சுக்கங்க."

வாஸ் மன்றாடியெல்லாம் பார்க்கவில்லை. அவருக்குத் திங்கட்கிழமைக்குள் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். வெண்டல் வெளியே போனதும் டிரென்ட் ஹோபார்ட்டைக் கூப்பிட்டார்.

டிரென்ட்டும் ரஸ் கூட்டிவந்த ஆள்தான். மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன், முப்பது வயது ஆகவில்லை. கெட்டவன் இல்லை, நான் அப்படிச் சொல்லமாட்டேன். வாஸ் கேட்டதும் "ஒரு நிமிஷம் சார்" என்று வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான், போனைக் காதில் வைத்தான். என் காபி ஆறுவதற்குள் திரும்பி வந்து சரி என்று சொல்லிவிட்டான்.

அவனே நேராக மைதானத்துக்குப் போய் வெண்டலிடம் சொன்னான். மறைக்கத் தெரியாத பையன். நான் வாசலில் பூட்டுச் சாவியோடு நின்றிருந்தேன்.

"கோச், வாஸ் எனக்குக் குடுத்திருக்காரு. நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு சொன்னாரு."

"ரஸ்கிட்ட பேசினியா?" என்றார் வெண்டல்.

"பேசாம எடுப்பேனா? இப்பத்தான் கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள 'எடுத்துக்கோடா'ன்னுட்டாரு." பையன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "உங்களப் பத்தித்தான் கேட்டாரு, கோச். 'வெண்டல் ஏன்டா கூப்பிடல'ன்னு கேட்டாரு. வாரம் பூரா போனப் பக்கத்துலயே வெச்சிருந்தாராம்."

வெண்டல் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். டிரென்ட் இன்னும் ஏதோ சொன்னான். அடுத்த வருஷத்துக்கு அவர் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பையன்கள் தன்னைப் பார்க்காமல் அவரைத்தான் பார்ப்பார்கள், தான் அவரிடம் எப்படி வேலை வாங்குவது, அதனால் வேறு ஒருவனைக் கூட்டிவரப்போவதாகச் சொன்னான். அதுவும் நியாயம்தான். வெண்டல் "சரிப்பா, சரிப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அன்று இரவுதான் வெண்டல் ரஸ்ஸுக்குப் போன் செய்தார். மார்லா பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். ரஸ் எடுத்ததும் கத்தினாராம்.

"ஏன்டா நீ என்னைக் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நானா எப்படிடா சொல்லுவேன்? என் நாற்காலி எப்ப காலியாகும்னு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தவன் மாதிரி உன்னை நெனச்சுட்டேன்னு ஆயிடாதா? உனக்கு வேணும்னா நீ வந்து கேக்கணும். கேட்டா குடுக்கலாம். அதான முறை?"

அப்புறம் ரஸ், "மேட்டுக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டிருக்கிறார். "ஊத்தினேன்" என்று சொல்லிவிட்டு வெண்டல் போனை வைத்துவிட்டார்.

ஆயுள் பூரா ஒருத்தரோடொருத்தர் சைகையிலேயே பேசிக்கொள்கிற கூட்டம் இது. மைதானத்தில் காதைத் தொட்டால் இந்த மாதிரிப் பந்து எறி, மூக்கைத் தொட்டால் அந்த மாதிரி. நாலு வார்த்தை வாயால் சொல்லவேண்டிய ஒரே நேரத்தில் இரண்டு பெரிய மனுஷர்களும் போனை மடியில் வைத்துக்கொண்டு மரியாதை காத்தார்கள். கண்டறியாத மரியாதை.

ரஸ்ஸாவது வேறு கல்லூரிக்குப் போய் வெண்டலைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ரஸ் பேஸ்பாலையே விட்டுவிட்டார். ஓக்லஹோமாவில் மச்சானோடு சேர்ந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் எந்திரங்கள் விற்கப் போய்விட்டார். ஆக, வெண்டல் 'கூடப் போகிறேன்' என்று சொன்னாரே, அந்தப் போகுமிடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. பழையபடி துணைப் பயிற்சியாளர், பழையபடி பந்தெறிகிறவர்கள் பொறுப்பு. தலைமைப் பயிற்சியாளர் கோடி ராஷ் என்கிற முன்கோபி, வெண்டலுக்கு மகன் வயது. இந்தத் தடவை மார்லா அட்டைப்பெட்டி கட்டவில்லை.

"நான் சண்டை போடல. எனக்கு முடியல. அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னாள்.

அவர் ஒற்றை ஆளாக வண்டியில் துணிமணியை ஏற்றிக்கொண்டு போனார். மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஆட்டமில்லாத வாரக் கடைசியில் பாதி நாள் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார், கெல்சியோடு கொஞ்சம் பேசுவார், ஒழுகும் குழாயைச் சரி செய்வார், திரும்பப் போவார். பிரிந்துவிட்டார்கள் என்றும் சொல்லமுடியாது, சேர்ந்திருக்கிறார்கள் என்றும் சொல்லமுடியாது. அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. இன்னாருடன் இன்ன ஊரில் வசிக்கிறார் என்கிற கடைசி வரியை மட்டும் காணோம். எழுதினவளுக்கு என்ன எழுதுவதென்று தெரிந்திருக்காது.

வருகிறபோதெல்லாம் யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். கடைத்தெருவில், சர்ச் வாசலில். "நீங்க எடுத்திருக்கலாம் கோச்" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஒரே பதில்தான் சொல்வார்.

"எனக்கு அது ஒத்து வராதுங்க. ஒம்பது பேரக் கட்டி மேய்க்கறதுக்கு வேற மூளை வேணும். நான் பிட்சர்களப் பாத்துக்கற ஆளு. எடுத்திருந்தா மானம் போயிருக்கும். ஒரு விதத்துல நல்லதுதான்."

முதலில் இதை ஊருக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். போகப்போக அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். நம்பியது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது. தனக்கு வராத வேலை தன்னைவிட்டுப் போனது, அதில் என்ன நஷ்டம். முகத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டது. மார்லாவும் சரி, ஆறிவிட்டது என்று இருந்தாள்.

இரண்டாவது வருஷம் ஏப்ரலில் வெண்டலின் புது அணி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. காற்று என்றால் காற்று, ஒலிபெருக்கியில் நான் வாசிக்கிற பேர் எனக்கே கேட்கவில்லை. மார்லா கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் அணிக்காரர்கள் உட்காரும் பக்கம், பள்ளி டீச்சர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது இன்னிங்ஸில் அவர்கள் ஒரு ரன் பின்னால் இருந்தார்கள். ரன் எடுக்க ஓடிவந்த அவர்கள் பையனை அம்பயர் அவுட் என்றார். கோடி ராஷ் பாய்ந்து வந்தான், தொப்பியைத் தரையில் அடித்தான், அம்பயரின் அம்மாவை இழுத்தான். அம்பயர் கையை வீசி அவனை வெளியே அனுப்பினார். வெளியேற்றப்பட்ட பயிற்சியாளர் கண்ணில் படக்கூடாது, பேருந்தில் போய் உட்காரவேண்டும். அணியைத் துணைப் பயிற்சியாளர் நடத்தவேண்டும்.

வெண்டல் வீரர்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து படியேறி வெளியே வந்தார். அம்பயர் அவரிடம் ஏதோ கேட்டார், இவர் தலையாட்டினார். நான் ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும். 'இந்த நேரத்திலிருந்து அணியை நடத்துபவர் வெண்டல் கிராஃப்' என்று சொன்னேன். மார்லா எழுந்தாள். கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பி வேலியைச் சுற்றி நடந்து, எதிரணி ஆட்கள் உட்காரும் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? அந்த மனுஷர் வேறு ஆளாக இருந்தார். ஒரு மாதமாகக் கோடி ராஷ் ஆடவிடாமல் பலகையில் உட்காரவைத்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு மட்டையைக் கொடுத்தார். கூட்டம் முணுமுணுத்தது. பையன் அடித்த பந்து இரண்டு பேருக்கு நடுவே புகுந்து வேலிவரை ஓடியது, இரண்டு ரன். எங்கள் ஆட்கள் எங்கே அடிப்பார்கள் என்று தெரிந்த மாதிரி தன் பையன்களை இரண்டு அடி இந்தப் பக்கம், மூன்று அடி அந்தப் பக்கம் நகர்த்தினார். பந்து அங்கேயே போயிற்று. கத்தவில்லை, குதிக்கவில்லை. எங்கள் பக்கம் டிரென்ட் வாயில் விரலை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி இன்னிங்ஸில் அவர்களுடைய நல்ல பிட்சர் களைத்துவிட்டான். ஆனால் தானே முடிக்கிறேன் என்று அடம்பிடித்தான். தன் பிட்சரை நடுவில் மாற்ற வெண்டல் ஒருநாளும் விடமாட்டார், ரஸ்ஸோடு அவர் போட்ட ஒரே சண்டை அதுதான். அன்றைக்கு மெதுவாக மேட்டுக்கு நடந்து போனார், கையை நீட்டினார், பந்தை வாங்கினார், பையன் தோளில் தட்டினார். முதல் வருஷப் பொடியன் ஒருத்தனைக் கொண்டுவந்தார். அவன் தாழ எறிந்தான். எங்கள் ஆட்கள் மூன்று பேரும் தரையோடு அடித்து அவுட்டாகித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் ஜெயித்தார்கள். என் சொந்தக் கல்லூரி தோற்றது, நான் மேஜைக்கு அடியில் கையைத் தட்டிக்கொண்டேன்.

பையன்கள் தண்ணீர்த் தொட்டியை அப்படியே தூக்கி வெண்டல் தலையில் கொட்டினார்கள். அந்தக் குளிர்காற்றில் நனைந்த கோழி மாதிரி நின்று சிரித்தார். பல் தெரியச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அப்புறம் சொட்டச் சொட்ட என் அறிவிப்புக் கூண்டுக்குப் படியேறி வந்தார்.

"நோரீன், ஆட்டம் கோடி ராஷ் பேர்லதான போகும்?"

வெளியேற்றப்பட்டாலும் தலைமைப் பயிற்சியாளர் பேரில்தான் வெற்றி எழுதவேண்டும். அது எழுதின சட்டம். "ஆமா" என்றேன். எனக்குச் சொல்லவே கூசியது.

"அதான் சரி" என்றார். "சும்மா கேட்டேன்." இறங்கிப் போனார்.

ஸ்கோர் தாள்களைக் கொடுக்க நான் அவர்கள் பேருந்துக்குப் போனேன். பையன்கள் உள்ளே பாட்டுப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கோடி ராஷ் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பேருந்துக்குப் பின்பக்கம் மார்லா வெண்டலைக் கம்பளியால் சுற்றித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி இருந்தது, கோச்?" என்று கேட்டாள். அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வெண்டலுக்கு முகம் கோணிற்று. அந்தப் பெரிய மனுஷர் கம்பளிக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். மார்லா பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன? ஜெயிச்சுட்டதான? நல்லாத்தான பண்ணின?"

"ஆமா மார்லா, நல்லாப் பண்ணினேன். அதான். எனக்கு இது வருது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வராதுன்னு நெனச்சுக்கிட்டே காலத்த ஓட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப அதுவும் இல்ல."

டிரைவர் ஹாரன் அடித்தார். வெண்டல் கம்பளியைக் கழற்றி மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார்.